மதுரையிலிருந்து ஒரே நாளில் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும்: எதில் போவது, எப்போது கிளம்புவது?

கேள்வி இது: ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப வேண்டும். மொத்தம் ஏழு பேர். எழுபது வயது அம்மாவுக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடியாக வேண்டும். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும். ரயிலா, பஸ்ஸா, வாடகை வண்டியா? திரும்பும் வழியில் உத்தரகோசமங்கையும் பார்க்க முடியுமா?

முடியும், கடைசி ஒன்றைத் தவிர. ஆனால் எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன்னால் ராமேஸ்வரத்தின் நேரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நம் நாளைத் தீர்மானிப்பவை இரண்டு கதவுகள். ராமநாதசுவாமி கோயில் மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறக்கும். தனுஷ்கோடிச் சாலையில் இருக்கும் போலீஸ் சோதனைச் சாவடியில் மாலை 5 மணி வாக்கில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். உள்ளே போனவர்களும் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பலர் காலை பத்தரைக்குச் சாவகாசமாகப் போய் இறங்கி, தீர்த்த வரிசையில் நின்று, பாதியில் நடை சாத்திவிட, மூன்று மணி வரை சன்னதித் தெருவில் உட்கார்ந்திருந்து, தரிசனம் முடித்து நாலரைக்குத் தனுஷ்கோடிக்கு ஓடுகிறார்கள். பாதிப் பேரைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கோயில் மூடியிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் தனுஷ்கோடியில் இருப்பது மாதிரி நாளை அமைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

சரி, இனி வண்டிகளைப் பார்க்கலாம்.

பஸ்ஸை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அரசுப் பேருந்துகள் தாராளமாக உண்டு, முன்பதிவு வேண்டாம், செலவும் குறைவு. தனியாகவோ நண்பர்களோடோ போனால் நானே பஸ்ஸைத்தான் சொல்வேன். ஆனால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஒவ்வொரு பேருந்து நிலையமாக நுழைந்து வெளியே வரும் பஸ்ஸுக்கு நாலு, நாலரை மணி நேரம் பிடிக்கும். ராமேஸ்வரத்தில் பேருந்து நிலையம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். எழுபது வயது அம்மாவைப் போக ஒன்று, வர ஒன்று என்று ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டு, நடுவில் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றுவது நியாயமில்லை.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் ஆசை அதில்தான் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்து நின்றது. அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டிருந்தன. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி கப்பலுக்கு வழிவிட அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இந்தியாவில் அப்படித் தூக்கும் கடல் பாலம் இதுதான் முதல். பழைய பாலத்தில் அந்த வேலையை ஆட்கள் நின்று கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்தார்கள், பாலமும் கை விரித்த மாதிரி இரண்டு பக்கமாகத் திறந்தது. இப்போது எல்லாம் மோட்டார்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் பாதை சுமார் 160 கிலோமீட்டர். காலையில் 7 மணியை ஒட்டி மதுரையில் கிளம்பும் பாசஞ்சர் ஒன்று உண்டு. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ராமேஸ்வரம் போய்ச் சேரும். அட்டவணை அவ்வப்போது மாறுவதால் முந்தின நாள் இரவு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவில்லாத டிக்கெட்தான், செல்போன் செயலியிலேயே எடுத்துவிடலாம். ஞாயிறு காலையில் கூட்டம் இருக்கும். ஜன்னல் இருக்கை வேண்டுமென்றால் ரயில் நடைமேடைக்கு வரும்போதே நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: பாலத்தில் காற்றின் வேகம் அளவை மீறினால் சிக்னல் கிடைக்காது. மண்டபத்திலோ பாம்பனிலோ ரயிலை நிறுத்தி வைத்துவிடுவார்கள். கப்பலுக்குப் பாலம் தூக்கும் நாளிலும் அப்படித்தான்.

ஏழு பேரும் இந்த ரயிலிலேயே போனால் என்ன? போகலாம். ஆனால் இறங்கும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடல் குளியல், தீர்த்தம், உடை மாற்றுதல், தரிசனம் எல்லாம் 1 மணிக்குள் முடியாது. நேரே தனுஷ்கோடி போய்விட்டு 3 மணிக்குக் கோயிலுக்கு வரலாம் என்றால், மதியம் முழுக்க வெயிலில் அலைந்த அம்மா சாயங்காலம் ஈரப் புடவையோடு வரிசையில் நிற்க வேண்டும், மாலை ரயிலைப் பிடிக்கும் பதற்றம் வேறு.

அதனால் நான் சொல்வது இரண்டாகப் பிரிந்து போவது. பெரியவர்களில் ஒருவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலை ரயிலில் போகட்டும். அம்மாவும் மற்ற மூவரும் வாடகை வண்டியில் விடியற்காலை நாலு, நாலரைக்குக் கிளம்பட்டும். சாலை வழியாகத் தூரம் 170 கிலோமீட்டர் சொச்சம். விரகனூர் தாண்டியதிலிருந்து பரமக்குடி வரை நாலு வழிச் சாலை, வண்டி பறக்கும். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே இன்னும் இருவழிதான். அதை நாலு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை நடக்கும் இடங்களில் வேகம் குறையும் என்று கணக்கில் வையுங்கள். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச்சாவடி. ஒரு காபி நிறுத்தம் உட்பட மூன்றரை மணி நேரம். எட்டு மணிக்கு அம்மா அக்னி தீர்த்தத்தில் இருப்பார்.

எட்டிலிருந்து பத்தரை வரை கோயில். சாதாரண நாளில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடிக்க ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிறு காலை எட்டு மணி வரிசை தாங்கக்கூடியது, பத்து மணி வரிசைதான் மோசம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை கையிலேயே இருக்கட்டும். பிராகாரம் முழுக்கத் தண்ணீர் சொட்டி வழுக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூடவே போக வேண்டும்.

அவர்கள் தரிசனம் முடித்து டிபன் சாப்பிடும் நேரத்துக்குப் பிள்ளைகளின் ரயில் வந்துவிடும். வண்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பி அவர்களை ஏற்றிக்கொள்ளலாம். பதினொன்றேகால் வாக்கில் ஏழு பேரும் ஒரே வண்டியில் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடலாம். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால்கூட இந்தத் திட்டம் குலையாது. அம்மா நிழலில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அல்லது வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். கோயிலைச் சுற்றி வண்டியை நிறுத்தி வைக்கவும் இடம் கிடையாது. ஓட்டுநர் இறக்கிவிட்டுத் தள்ளி எங்கோ வாகன நிறுத்தத்துக்குப் போய்விடுவார். ஆக உள்ளே இருப்பவர்களால் ஓட்டுநரையும் கூப்பிட முடியாது, ரயிலில் வருபவர்களையும் கூப்பிட முடியாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று காலையில் இறங்கும்போதே பேசிவிடுங்கள். 'கிழக்குக் கோபுர வாசல், பத்தே முக்கால்' என்கிற மாதிரி. 'கோபுரத்துப் பக்கம்' என்று மட்டும் சொல்லிவிட்டால் ஒருவர் மேற்கு வாசலில் நிற்பார்.

வண்டி பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவை. ஏழு பேர் என்றால் ஓட்டுநரோடு எட்டு. எர்டிகா மாதிரி வண்டிகளில் ஓட்டுநரைச் சேர்த்துத்தான் ஏழு இருக்கை. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று டிராவல்ஸில் சொல்வார்கள், நெடுஞ்சாலையில் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எட்டு இருக்கை இன்னோவா கேளுங்கள். போகும்போது நாலு பேர் என்பதால் அம்மா நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டே போகலாம். திரும்பும்போதுதான் நெருக்கடி, கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள் போலிருந்தால் யோசிக்காமல் டெம்போ டிராவலர் எடுத்துவிடுங்கள்.

டி போர்டு வண்டிதானா என்று பாருங்கள், அதாவது மஞ்சள் நம்பர் பலகை. தெரிந்தவர் வண்டி, சல்லிசாக வருகிறது என்று ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. சொந்த வண்டிக்கு எடுத்த காப்பீடு, அதை வாடகைக்கு ஓட்டும்போது நடக்கும் விபத்துக்குச் செல்லுபடியாகாது. மிச்சமாகும் ஆயிரம் ரூபாய்க்காக ஏழு பேரின் காப்பீட்டை விடலாமா என்பது உங்கள் பாடு. என்னைக் கேட்டால் கூடாது.

வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில் பேசுங்கள். 'ராமேஸ்வரம் பேக்கேஜ்' என்று ஒரு தொகை சொன்னால் அதில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம் என்று உடனே கேட்க வேண்டும். போக வர 345, தனுஷ்கோடி போய்வர 40, ஊருக்குள் சுற்றுவது எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர் ஆகும். பேக்கேஜ் 350 என்றால் மீதிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வண்டிக்கு மட்டும் 6,000. அதன் மேல் ஓட்டுநர் படி, சுங்கம், ராமேஸ்வரம் நகராட்சி நுழைவுக் கட்டணம், பார்க்கிங். எந்தக் கட்டணம் யாருடையது என்பதையும், இரவு எத்தனை மணிக்கு மேல் இன்னொரு படி என்பதையும் முன்கூட்டியே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் 'தனுஷ்கோடி எக்ஸ்ட்ரா சார்' என்ற பேச்சு வராது.

சொந்த காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போக நினைத்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வெயிலில் அலைந்து, கடலில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டவர் சாயங்காலம் இருட்டில் எதிர்வண்டி வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு அந்த இருவழிச் சாலையில் ஓட்டுவது சரியில்லை. வாடகை வண்டி ஓட்டுநருக்கும் இதே தூக்கம்தான். நீங்கள் கோயிலுக்குள் இருக்கும் இரண்டரை மணி நேரம் அவர் படுக்கட்டும். 'அதற்குள் பாம்பன் போய் மீன் வாங்கி வாங்க' என்று வேலை வைக்காதீர்கள்.

இனி தனுஷ்கோடி. கோயிலிலிருந்து அதன் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டர் சுமார். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையும் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும், மேற்கொண்டு வேனில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். இப்போது உங்கள் இன்னோவாவே கடைசி வரை போகும். சாலை முடியும் இடத்தில் வட்டமாகத் திரும்பும் வசதியும் அசோகத் தூணும் இருக்கும்.

ஆனால் அது ஒற்றைச் சாலை. இடது பக்கம் வங்காள விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா, போன வழியேதான் திரும்ப வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் முனையில் இடம் இல்லாமல் வண்டிகளை இரண்டு ஓரத்திலும் நிறுத்திவிட, நடுவில் ஒரு வண்டிதான் போக முடியும். நெரிசலில் மாட்டினால் சுற்றுவழி கிடையாது. பதினொன்றரைக்குள் சாவடியைத் தாண்டிவிட்டால் பரவாயில்லை. ஓட்டுநர் எல்லாரையும் முனையில் இறக்கிவிட்டு வண்டியை உடனே ஊர் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். சாலையை விட்டு மணலில் இறக்கவே கூடாது. பார்க்கக் கெட்டி மணலாகத்தான் இருக்கும், டயர் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டும்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மணல் சாலையில் வந்து மூடும். கடல் கொந்தளிக்கும் நாளில் அலை கல் கரையைத் தாண்டிச் சாலைக்கே வரும். அப்போது போலீஸார் சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் காலையில் கோயில் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவரிடம் 'இன்னைக்கு முனை வரைக்கும் விடுறாங்களா' என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

நிழல் என்று அங்கே எதுவும் இல்லை. குடை, தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் அவசியம். கழிவறைக்கு ராமேஸ்வரத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள், பிள்ளைகளுக்கு முக்கியமாக. முனையில் நீரோட்டம் பொல்லாதது. கால் நனைப்பதோடு சரி, குளியல் கிடையாது. அம்மாவுக்கு மதிய வெயில் ஆகாது என்றால் அவரை உங்களில் ஒருவரோடு கோயில் பக்கத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு அறை எடுத்துத் தங்க வைத்துவிடுங்கள். தீர்த்தம் ஆடியவர்களுக்கு அந்த அறை எப்படியும் பிரயோசனப்படும்.

வண்டி இல்லாமல் ரயிலில் மட்டும் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அரசு டவுன் பஸ் இருக்கிறது. ஆட்டோ பேசினால் 'அரிச்சல்முனை வரைக்குமா, காத்திருப்பும் சேர்த்தா' என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமல் ஏறாதீர்கள். கோதண்டராமர் கோயிலைக் காட்டிவிட்டு முகுந்தராயர் சத்திரத்தோடு 'தனுஷ்கோடி முடிந்தது' என்று திருப்புபவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றே முக்கால், இரண்டுக்கு முனையிலிருந்து திரும்பினால் இரண்டரைக்குச் சாப்பாடு. 3 மணிக்கு நடை திறந்ததும் ரயிலில் வந்தவர்களும் பிள்ளைகளும் தரிசனம் முடித்துக்கொள்ளலாம். தீர்த்தம் வேண்டாம் என்றால் ஒரு மணி நேரம் போதும். மூன்றாம் பிராகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். நாலரைக்குக் கிளம்பினால் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் சாலையோரத்திலேயே வரும். மூடும் நேரத்தை ஒட்டிப் போவதால் உள்ளே விட்டால் பாருங்கள், அதற்காக மற்றதைச் சுருக்க வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அது இருவழிப் பாலம், நிறுத்துகிற ஒவ்வொரு வண்டியும் பின்னால் ஒரு வரிசையை உண்டாக்கும். போலீஸ் கண்ணில் பட்டால் அபராதம். பிள்ளைகள் ரயிலிலிருந்தே பார்த்துவிட்டதால் உங்களுக்கு அந்த நச்சரிப்பு இருக்காது.

தேதியையும் ஒருமுறை பஞ்சாங்கத்தில் பாருங்கள். ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்தால் வேறு வாரம் போங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஊருக்குள் வண்டியே நுழைய முடியாது. கார்த்திகையிலிருந்து தை வரை சபரிமலை போய்வரும் பஸ்கள் வரிசை கட்டும். அப்போது மேலே சொன்ன நேரங்களோடு ஒவ்வொன்றுக்கும் அரை மணி, முக்கால் மணி கூட்டிக்கொள்ளுங்கள், வண்டியும் மூன்றரைக்கே கிளம்பட்டும்.

ஈர உடைக்குப் பெரிய பிளாஸ்டிக் பைகள் இரண்டும், இருக்கையில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட்டும் வண்டியில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் பட்ட இருக்கைக்குக் கழுவும் செலவு என்று கடைசியில் ஒரு தொகை கேட்பார்கள், கேட்பதிலும் தப்பில்லை.

உத்தரகோசமங்கை, ராமநாதபுரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் விலகி இருக்கிறது. நீங்கள் ராமநாதபுரம் வரும்போதே ஆறு மணி ஆகியிருக்கும். போய்ப் பார்த்துவிட்டு மறுபடி நெடுஞ்சாலைக்கு வர எட்டைத் தாண்டும், மதுரை சேர பத்தரை, பதினொன்று. ஓட்டுநர் மூன்று மணிக்கு எழுந்தவர். அதை இந்த நாளில் சேர்க்காதீர்கள். மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக அரை நாளில் தனியாகவே போய்வரக்கூடிய ஊர்தான் அது.